வயிற்றைத் தைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: வாப்பாவுக்கு வைத்த மாட்டுத்தோல் மெஷ்

வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "தையல் ஆறிடுச்சா?" என்பதுதான். வெளியில் தெரியும் தையல் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். அதற்கு அடியில், தசையைப் போர்த்தியிருக்கும் உறையில் போட்ட தையல் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறிய பிறகும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. அங்கே ஓரிடம் விட்டுக்கொடுத்தால் குடல் அந்த வழியாகப் பிதுங்கிக்கொண்டு தோலுக்கடியில் வந்து நிற்கும். தழும்பில் வரும் ஹெர்னியா என்பது இதுதான். நடுவயிற்றில் நீளமாகத் திறந்து செய்யும் ஆபரேஷன்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது வருகிறது. உடல் பருமன், சிகரெட், சர்க்கரை, விடாத இருமல், காயத்தில் சீழ் என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் இன்னும் கூடும்.

எங்கள் உம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த தழும்பில் இப்படி வந்தது. பல வருஷம், இருமல் வரும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து எழும்போதும் அப்படித்தான். பிறகு மறுபடியும் திறந்து, ஒட்டிக்கிடந்த குடலைப் பிரித்து, பிளாஸ்டிக் மெஷ், அதாவது வலைத் துண்டு, வைத்துச் சரிசெய்தார்கள். அந்த ரெண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரியதாக இருந்தது. ஹெர்னியா வந்த பிறகு சரிசெய்வது எவ்வளவு பெரிய வேலை என்று வீட்டிலேயே பார்த்ததால், வாப்பாவின் முறை வந்தபோது டாக்டரிடம் நான் அதிகம் கேட்டது இதைப் பற்றித்தான்.

வாப்பாவுக்கு 2020 கடைசியில் மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், அப்புறம் ஆபரேஷன். கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலை ஆசனவாய்க்கு மிக அருகில் இணைத்தார்கள். அவ்வளவு கீழே போடும் இணைப்பு கசிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அது ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க, சிறுகுடலின் ஒரு வளைவை வலது பக்கம் வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, அதன்மேல் பை ஒட்டினார்கள். ஸ்டோமா என்று இதைத்தான் சொல்வது. கீமோ எல்லாம் முடிந்த பிறகு குடலை உள்ளே தள்ளி, அந்த ஓட்டையை மூடிவிடுவார்கள்.

பையோடு இருந்த மாதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிறுகுடலிலிருந்து வெளியே வருவது கெட்டியாக இருக்காது, தண்ணீராகத்தான் வரும். உடம்பிலிருக்கும் உப்பும் நீரும் அதோடு போய்விடும். அந்த வருஷம் ரமலான் ஏப்ரல் வெயிலில் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு நோன்பு விடாதவர், நோன்பு வைத்தே தீருவேன் என்றார். டாக்டரும், மார்க்கம் கற்ற ஊர் ஆலிமும் தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் ஓ.ஆர்.எஸ். தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கினார். இலியோஸ்டமி, அதாவது இப்படிச் சிறுகுடலில் போட்ட ஸ்டோமா, இருக்கும் உறவினர் உங்கள் வீட்டில் இருந்தால், நோன்போ விரதமோ, அவர்களுடைய டாக்டரிடம் கேட்காமல் தொடங்க விடாதீர்கள்.

சரி, மெஷ் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டோமாவை மூடுவது "சின்ன ஆபரேஷன்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதலாவதோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் வயிற்றுச்சுவரில் ரெண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை பல மாதமாகத் திறந்தே இருந்திருக்கிறது. சுற்றியுள்ள தசை விரிந்து கொடுத்திருக்கிறது. மலம் வந்த வழி என்பதால் அங்கே கிருமி இருக்கத்தான் செய்யும். போதாததற்கு வாப்பா நின்று இருமினால் பைக்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். இதையெல்லாம் வைத்து, "மூடின இடத்தில் ஹெர்னியா வருமா சார்?" என்று கேட்டேன்.

எங்கள் சர்ஜன் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படம் வரைந்தார். மூன்று வழி சொன்னார். ஒன்று, வெறும் தையல். பெரும்பாலோருக்கு அதுதான் செய்கிறோம் என்றார். ரெண்டாவது, உம்மாவுக்கு வைத்தது போன்ற பாலிபுரொப்பிலீன் மெஷ். விலை சில ஆயிரம்தான், பலமானது, உடம்புக்குள் ஆயுசுக்கும் கிடக்கும். கிருமி இருக்கும் இடத்தில் வைத்து, அதில் சீழ் பிடித்துவிட்டால் சில நேரம் அதைத் திரும்ப எடுக்கவேண்டி வரும். அந்தப் பயத்தால் ஸ்டோமா மூடும் இடத்தில் அதை வைக்கப் பலர் தயங்குகிறார்கள். மூன்றாவது, உயிரியல் மெஷ். விலங்கின் தோலிலிருந்து செய்வது.

வாப்பா உடனே கேட்டார்: "எந்த விலங்கு டாக்டர்?"

"அதிகமா ஆராய்ச்சி நடந்திருக்கிறது பன்றித்தோல்ல. மாட்டுத்தோல்லயும் இருக்கு" என்றார்.

அந்தக் கேள்வியை வாப்பா கேட்காவிட்டால் நாங்களாக அதைத் தெரிந்துகொண்டிருப்போமா என்று தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்ன ஒப்புதல் படிவத்தில் "மெஷ்" என்று மட்டும்தான் அச்சடித்திருந்தது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. உடம்புக்குள் வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து வந்தது என்பதை நோயாளி கேட்காமலே மருத்துவமனை சொல்ல வேண்டும். எங்களுக்குப் பன்றி ஆகாது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணாச்சி, "எனக்கு அப்படி ஒண்ணு வைக்கணும்னா மாடு வேண்டாம்னு சொல்லிருவேன் பாய்" என்றார். சுத்த சைவமாக வாழ்கிறவர்களுக்கு ரெண்டுமே சங்கடமாக இருக்கலாம். இதில் யாருடைய மனசையும் சின்னதாக நினைக்கக் கூடாது.

அந்த மெஷ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தோலை வைத்துத் தைக்கிறார்கள்" என்று கேட்டதும் உம்மா பயந்துபோனார். விலங்கின் தோலில் மேல்பகுதியை நீக்கிவிட்டு, நடுத்தோலை மட்டும் எடுத்து, அதிலிருக்கும் செல்களை முழுவதும் கழுவி நீக்கிவிடுகிறார்கள். உடம்பு அன்னியப் பொருள் என்று எதிர்த்துச் சண்டை போடுவது பெரும்பாலும் அந்தச் செல்களோடுதான். மிஞ்சுவது கொலாஜன் நாரால் ஆன வெள்ளைத் துண்டு. பார்க்க நனைந்த தடித்த துணி மாதிரி இருக்கும். அதை வயிற்றுச்சுவரில் வைத்துத் தைத்துவிட்டால், பந்தலில் கொடி படர்வதுபோல நம் உடம்பின் செல்களும் ரத்தக்குழாய்களும் அதற்குள் ஊடுருவி வளர்கின்றன. காலப்போக்கில் அந்தக் கொலாஜனின் இடத்தை நம் சொந்தத் திசு எடுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் உள்ளே வந்துவிடுவதால், கிருமி இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கைவிட இது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் இதன் அடிப்படை எண்ணம்.

எண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது, பலன் உண்டா? நான் கேட்டதற்கு சர்ஜன் சொன்னது பிரிட்டனில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய ராக்ஸ் என்ற ஆய்வை. 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகள், டென்மார்க்கில் ஒன்று, நெதர்லாந்தில் ஒன்று என 37 இடங்களில், ஸ்டோமா மூடிய 790 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வெறும் தையல், மீதிப் பேருக்குத் தையலோடு பன்றித்தோல் மெஷ். ரெண்டு வருஷம் கழித்து டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தபோது, வெறும் தையல் குழுவில் 20 சதவீதம் பேருக்கு ஹெர்னியா இருந்தது. மெஷ் வைத்தவர்களில் 12 சதவீதம். காயத்தில் கிருமித்தொற்று ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், 12-க்கு 13. அதாவது மெஷ் வைத்ததால் சீழ் கூடவில்லை.

இந்த எண்ணை நான் வீட்டில் வேறு விதமாகச் சொன்னேன். நூறு பேருக்கு மெஷ் வைத்தால் எட்டுப் பேருக்கு வரவேண்டிய ஹெர்னியா வராமல் போகிறது. எண்பது பேருக்கு மெஷ் இல்லாமலே வந்திருக்காது. பன்னிரண்டு பேருக்கு மெஷ் வைத்தும் வந்துவிடுகிறது. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று புரிகிறது. "மெஷ் வெச்சா வராது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது சரியான தகவல் இல்லை.

அடுத்து ஆலிமிடம் போனோம். வேறு வழியே இல்லாமல் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். இங்கே வெறும் தையல் இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, மாடும் இருக்கிறது. அதனால் பன்றியைத் தவிர்த்துவிடுங்கள் என்றார். வாப்பாவுக்கு மனசு லேசானது. மாட்டுத்தோல் மெஷ் என்று முடிவானது. சர்ஜன் ஒன்றை மறைக்காமல் சொன்னார்: ராக்ஸ் ஆய்வில் வைத்தது பன்றித்தோல் மெஷ். மாட்டுத்தோலுக்கும் அதே எண்கள் வரும் என்று தான் உறுதி சொல்ல மாட்டேன், வேலை செய்யும் முறை ஒன்றுதான் என்பதால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

பணம் பெரிய தலைவலியாக இருந்தது. மாட்டுத்தோல் மெஷ்ஷைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாப்பா பேரில் இருந்த இன்சூரன்ஸில் ஆபரேஷன் செலவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, மெஷ்ஷுக்கு வரவில்லை. "இப்போது ஹெர்னியா இல்லை, எனவே இது சிகிச்சை ஆகாது" என்று பதில் எழுதினார்கள். சர்ஜன் ரெண்டு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தும் மசியவில்லை. கடைசியில் துபாயில் இருக்கும் காக்காதான் (அண்ணன்) பணம் அனுப்பினார். வராமல் தடுக்கப் பணம் தராதவர்கள், வந்த பிறகு அதைவிடப் பெரிய ஆபரேஷனுக்குத் தருவார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான். அனுபவத்தில் சொல்வது: மெஷ் வைப்பதாக இருந்தால் அதன் பெயரையும் விலையையும் தனியாகக் குறிப்பிட்டு முன் ஒப்புதல் கேளுங்கள். அட்மிட் ஆன பிறகு கேட்டால் பேசுவதற்கு அவகாசம் இருக்காது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் டாக்டர் எங்களிடம் கேட்டதெல்லாம் மெஷ்ஷைப் பற்றி இல்லை. சிகரெட் அடியோடு நிற்க வேண்டும், குறைந்தது நாலு வாரத்துக்கு முன்பே. சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். உடம்பில் புரதம் ஏற வேண்டும். கீமோவில் வாப்பா எடை குறைந்து, ஆனால் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. தினமும் மீன், முட்டை, பருப்பு. அப்புறம் மூன்று பந்து இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சி. ரெண்டு பந்து மேலே ஏறும், மூன்றாவது அசையாது. பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, "அப்பா, இன்னும் கொஞ்சம்" என்று (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கத்தியே அந்த மூன்றாவது பந்தை ஏற்ற வைத்தார்கள். நெஞ்சில் சளி கட்டாமல் இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு இருமல் குறையும். இருமல் குறைந்தால் தையலில் இழுப்பு குறையும். இதற்குக் காசு செலவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சர்ஜன் அழுத்திச் சொன்னார். "மெஷ் ரெண்டாவதுதான். நான் தைக்கிற தையல்தான் முதல்." நடுவயிற்றை மூடும்போது ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, தசையுறையை மட்டும் பிடித்து நெருக்கமாகத் தைப்பது ஒரு முறை. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிது பெரிதாகத் தைப்பது பழைய பழக்கம். நெதர்லாந்தில் 560 பேரிடம் ரெண்டையும் ஒப்பிட்டு 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் பெரிய தையலில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, நெருக்கமான சின்னத் தையலில் 13 சதவீதம். மெஷ் எதுவும் இல்லாமல், நூலும் கொஞ்சம் கூடுதல் நேரமும் மட்டுமே செலவு. காயத்தின் நீளத்தைப்போல நாலு மடங்காவது நூல் செலவாகியிருக்க வேண்டும் என்பது சர்ஜன்கள் வைத்திருக்கும் கணக்கு. இதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லட்ச ரூபாய்ப் பொருள் தருவதற்கு இணையான பலனைக் கை நிதானம் தருகிறது.

2021 கடைசியில் வாப்பாவின் ஸ்டோமாவை மூடினார்கள். குடலை இணைத்து உள்ளே தள்ளி, தசைக்குப் பின்னால் மெஷ்ஷை வைத்து, மேலே தசையுறையைத் தைத்தார்கள். தோலை மட்டும் முழுதாக மூடவில்லை. சுருக்குப் பை மாதிரி சுற்றித் தைத்து நடுவில் விரல் நுனி அளவு ஓட்டை விட்டிருந்தார்கள். உள்ளே அழுக்கு நீர் தேங்காமல் வடிந்துவிடுவதற்காக அப்படிச் செய்வார்களாம். எங்களுக்கு முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அந்த ஓட்டையிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிந்துகொண்டே இருந்தது, வீட்டில் தினமும் நான்தான் டிரெஸ்ஸிங் மாற்றினேன். நாற்றம், காய்ச்சல், சுற்றித் தோல் சிவந்து சூடாவது, இந்த மூன்றும் இல்லாதவரை பயம் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லித் தந்தார். மெல்ல மெல்ல அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகான பழக்கங்களில் வாப்பாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது தொழுகை. ருகூவில் குனிந்து, சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து, கையை ஊன்றி எழும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். சில மாதம் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுத்தார். கட்டிலில் இருந்து நேராக நிமிர்ந்து எழக்கூடாது. முதலில் ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்குவது, கனம் தூக்குவதற்குச் சமம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பைக்கை ஸ்டாண்டில் ஏற்றுவது எல்லாம் தடை. எங்கள் ஊரில் ஆண்கள் ஹெர்னியாவைக் கெடுத்துக்கொள்வது அதிகம் சிலிண்டரில்தான் என்று கம்பவுண்டர் சொல்வார். ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது. நடை முதல் நாளிலிருந்தே உண்டு. பெல்ட் போட்டால் வலி குறைந்து தெம்பு வருகிறது, அது உண்மை. பெல்ட் போட்டால் ஹெர்னியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று டாக்டரே சொன்னார்.

பலன் என்ன? புற்றுநோய் திரும்பவில்லையா என்று பார்க்க எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே வயிற்றுச்சுவரையும் பார்த்துவிடலாம். தனியாகச் செலவில்லை, கேட்டால் போதும். ஸ்டோமா இருந்த வலது பக்கம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. நின்று இருமச் சொல்லிக் கை வைத்துப் பார்த்தாலும் மேடு இல்லை. மெஷ்ஷால்தான் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நூறில் எண்பது பேருக்கு அது இல்லாமலே வருவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஆனால் நடுவயிற்றில், முதல் ஆபரேஷனின் நீளத் தழும்பில், தொப்புளுக்கு மேலே ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. அந்த ஆபரேஷன் நடந்தபோது கட்டி முழுதாக வந்துவிட வேண்டும், இணைப்பு கசியக்கூடாது என்பதுதான் எல்லோர் மனதிலும். வயிற்றை எப்படி மூடப்போகிறோம் என்ற பேச்சே எழவில்லை. வாப்பா போன்றவர்களுக்கு அங்கேயும் தடுப்பு வழி இருக்கிறது. ஹெர்னியா வர வாய்ப்பு அதிகமுள்ள 480 பேரிடம் ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து மூன்று நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. வெறும் தையலில் ரெண்டு வருஷத்தில் 30 சதவீதம் பேருக்கு ஹெர்னியா. தசையுறைக்கு மேலே சாதாரணச் செயற்கை மெஷ் வைத்துத் தைத்தவர்களில் 13 சதவீதம், அடியில் வைத்தவர்களில் 18 சதவீதம். மேலே வைத்தவர்களுக்குத் தோலுக்கடியில் நீர் கோப்பது அதிகம் இருந்தது, அது ஒரு குறை. ஆனால் இது விலங்குத்தோல் இல்லை, லட்ச ரூபாயும் இல்லை.

வாப்பாவுக்கு மெஷ் வைத்த பிறகு, 2022-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அது என் எண்ணத்தை நிறைய மாற்றியது. அது தடுப்பு பற்றியது இல்லை. ஏற்கெனவே வந்துவிட்ட ஹெர்னியாவை, குடல் திறந்து கிருமி கலந்த சூழலில் சரிசெய்வது பற்றியது. 253 பேர். உயிரியல் மெஷ் தன் பலத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுதான். ஆனால் ரெண்டு வருஷத்தில் உயிரியல் மெஷ் வைத்தவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்பியது, செயற்கை மெஷ் வைத்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான். மெஷ்ஷின் விலை ஒரு பக்கம் 21,000 டாலருக்கு மேல், மறுபக்கம் நூறு டாலர் சொச்சம்.

அதனால் இப்போது யாராவது போன் செய்து கேட்டால் நான் சொல்வது இது. விலை அதிகம் என்பதால் உயிரியல் மெஷ் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். நகையை அடகு வைத்து அதை வாங்காதீர்கள். ஸ்டோமா மூடும்போது, ஹெர்னியா வர வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு, பணமும் மனமும் ஒத்துவந்தால் அது நியாயமான வழி. அதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. கிருமி கலக்காத நடுவயிற்று ஆபரேஷன் என்றால் நெருக்கமான தையல் பற்றிக் கேளுங்கள், உடல் பருமன் இருந்தால் சாதாரண மெஷ் பற்றிக் கேளுங்கள். ரெண்டும் சில ஆயிரத்துக்குள் முடியும். கேட்கவேண்டிய நேரம் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் காலைப்பொழுது இல்லை, அதற்கு முந்தைய ஓ.பி. நாள்தான். "எங்க வாப்பாவுக்கு ஹெர்னியா வர வாய்ப்பு எவ்வளவு சார், வயித்தை எப்படி மூடப்போறீங்க, மெஷ் வெச்சா எதுல செஞ்சது, சீழ் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" இவ்வளவுதான். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் சர்ஜன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

மெஷ் பெட்டியில் அதன் பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஊரில் எந்த டாக்டர் வயிற்றைத் திறந்தாலும், உள்ளே இருப்பது என்ன, எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உம்மாவுக்கு எந்த மெஷ் வைத்தார்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை. அந்த மருத்துவமனையில் கேட்டபோது பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றார்கள்.

வாப்பாவின் நடுவயிற்று ஹெர்னியா சின்னது, வலி இல்லை, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம், வளர்ந்தாலோ வலித்தாலோ யோசிப்போம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். கடைக்குப் போகும்போது பெல்ட் போட்டுக்கொள்கிறார். வீட்டில் எல்லோருக்கும், பேரப்பிள்ளைகள் உட்பட, ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறோம்: மேடு கல்லு மாதிரி இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்து, காற்றும் மலமும் நின்றுபோனால், குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ராத்திரி எத்தனை மணியானாலும் அப்போதே வண்டி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கைவைத்தியம், எண்ணெய் தேய்ப்பது, அமுக்கி உள்ளே தள்ளுவது எதுவும் கூடாது.